ஸ்டுட்கார்ட்டுக்கு முதலில் யார் போவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறீர்கள். வயது முப்பத்து நான்கு. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 60,000 யூரோ. அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். மகளுக்கு அடுத்த மே மாதம் ஆறு வயது நிறைகிறது, மகனுக்கு இரண்டு முடிந்திருக்கிறது. சம்பளம் போதுமா, என்னென்ன சான்றிதழ் வேண்டும், எல்லோரும் சேர்ந்தே போகலாமா, பிள்ளைகள் மொழிக்கு என்ன செய்வார்கள், மிக்ஸி எடுத்துப் போகலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மனைவி இங்கே பள்ளி ஆசிரியை, அவருக்குக் கொஞ்சம் தயக்கம், அம்மாவும் எங்களோடு இருக்கிறார். அவ்வளவு நீளக் கேள்வியில் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எதைத் தொட்டாலும் அது சுற்றிக்கொண்டு அந்த வரியிடம்தான் வந்து நிற்கும்.

இந்த விஷயத்தில் நான் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள். 2013 நவம்பரில், நான்கு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஒரு சிற்றூருக்குப் போனேன். 2019-இல் திரும்பினோம். இப்போது மதுரையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில், வெளிநாடு போகும் பொறியாளர்களின் கோப்புகளைப் பார்க்கிறேன். குடும்பத்தோடு போனவர்கள் மட்டும் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் ஒப்பந்தம் முடியும் முன்பே திரும்பியவர்களிடம் காரணம் கேட்டிருக்கிறேன். வேலை சரியில்லை என்று சொன்னவர்கள் குறைவு. வீட்டில் இருந்தவரால் முடியவில்லை என்பதைத்தான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு வேறு பெயரில் சொன்னார்கள். நான் வழக்கறிஞரும் அல்ல, வரி ஆலோசகரும் அல்ல. விதி பற்றி நான் சொல்வதைத் தூதரகத்தின் இன்றைய பட்டியலோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கு அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் அனுமதிதான் 'புளூ கார்டு' என்ற நீல அட்டை. உங்கள் சம்பளம் அதற்குத் தாராளமாகப் போதும். அதற்கான குறைந்தபட்சச் சம்பளத்தை ஆண்டுதோறும் மாற்றுவார்கள். 2025-இல் அது 48,300 யூரோ, பொறியாளர் போன்ற ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கு அதைவிடக் குறைவு. அந்த அட்டை வைத்திருப்பவர் 27 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம் கேட்கலாம். ஜெர்மன் மொழியில் மூன்றாம் படியான பி1 தேர்ச்சி இருந்தால் 21 மாதத்திலேயே கேட்கலாம். உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் இந்த அட்டையால் சலுகை அதிகம். கணவனோடு சேரப் போகும் மனைவி பொதுவாக ஜெர்மன் மொழியில் முதல் படித் தேர்வை எழுதிக் காட்ட வேண்டும். நீல அட்டைக்காரரின் மனைவிக்கு அது கட்டாயமில்லை. போய் இறங்கியதும் எந்த வேலையும் பார்க்க அவருக்கு உரிமை உண்டு.

இதைக் கேட்டதும் பல கணவர்கள் "அப்படியானால் அவளும் வேலைக்குப் போய்விடுவாள்" என்று மனக்கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அட்டையில் அனுமதி அச்சாகியிருப்பது ஒன்று, வேலை கிடைப்பது வேறொன்று. ஆசிரியர் பணி அங்கே அரசின் அங்கீகாரம் இருந்தால்தான் செய்ய முடிகிற தொழில். நம் பட்டத்தையும் பி.எட்.டையும் அந்த மாநிலம் மதிப்பிட்டு ஏற்க வேண்டும். வகுப்பறையில் நின்று பேசும் அளவுக்கு ஜெர்மன் வேண்டும். அது ஓரிரு ஆண்டில் முடிகிற காரியமல்ல. ஆக, நீங்கள் பதவி உயர்வோடு விமானம் ஏறுகிறீர்கள். அவர் வேலையை விட்டுவிட்டு ஏறுகிறார். தயக்கம் என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கை அவர் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டதால் வந்ததாக இருக்கலாம்.

சம்பளத்துக்கு வருவோம். யூரோவை ரூபாயால் பெருக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். 60,000 என்பது மாதம் 5,000. அதில் வருமான வரியும், ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு என்ற நான்கு காப்பீட்டுக்கான பிடித்தமும் போகும். மனைவி மதுரையில் இருக்கும் வரை உங்களைத் தனி ஆள்போலத்தான் வரி பிடிப்பார்கள். மாதம் 3,100 யூரோவை ஒட்டிக் கைக்கு வரும். குடும்பம் வந்து பதிந்த பிறகு, ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு உரிய மூன்றாம் வரி வகுப்புக்கு மாற்றிக்கொண்டால் அது 3,500 வாக்கில் ஆகும். இவை என் தோராயக் கணக்கு, முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் பிள்ளைகளுக்கான மாதத் தொகை உண்டு: 2025-இல் ஒரு பிள்ளைக்கு 255 யூரோ. அதற்கு விண்ணப்பித்தால்தான் தருவார்கள். தாமதித்தால் ஆறு மாதத்துக்கு முந்தையதைத் தர மாட்டார்கள்.

செலவில் பெரியது வீடு. வாடகையை இரண்டு விதமாகச் சொல்வார்கள்: வெறும் வாடகை, வெப்பமும் தண்ணீரும் குப்பையும் சேர்ந்த வாடகை. விளம்பரத்தில் பளிச்சென்று தெரிவது முதலாவது, நீங்கள் கட்டப்போவது இரண்டாவது. ஸ்டுட்கார்ட் ஜெர்மனியில் வாடகை அதிகமுள்ள நகரங்களில் ஒன்று. நால்வருக்குப் போதுமான வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 1,300 முதல் 1,600 வரை ஆகிறது என்று அண்மையில் போனவர்கள் சொல்கிறார்கள். ஒத்திக்கு வீடு பிடித்துப் பழகிய நமக்கு முன்பணம் அதிகமாகத் தெரியாது: மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். நம்மைத் திகைக்க வைப்பது சமையலறை. பல வீடுகளில் சமையலறை என்று சொல்லிச் சுவரையும் இரண்டு குழாய் முனையையும் காட்டுவார்கள். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் முந்தைய குடியிருப்பாளர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். இருக்கிற வீடாகப் பார்த்துப் பிடியுங்கள், அல்லது அதற்கென்று பணம் ஒதுக்குங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் சேர்ந்தால் சம்பாதிக்காத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லை. தனியார் காப்பீட்டில் தலைக்குத் தலை கட்ட வேண்டும், அங்கிருந்து பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம். 2025-இல் ஆண்டுச் சம்பளம் 73,800 யூரோவுக்குக் கீழ் இருக்கும் ஊழியருக்குப் பொதுக் காப்பீடுதான் கட்டாயம். எனவே இப்போது உங்களுக்கு அந்தச் சபலமே வராது. சம்பளம் ஏறும்போது முகவர்கள் வருவார்கள். அன்றைக்கு இதை நினைவில் வையுங்கள்.

ஆவணங்களில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு மூன்றுதான். முதலாவது பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் பிறந்ததும் பதிவாகிவிடும், ஆனால் பெயர் வைக்கும் முன்பே பதிவாவதால் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். மகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது பார்த்திருப்பீர்கள்; மகனுடையதை எடுத்துப் பாருங்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். இரண்டாவது திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-இல் வந்த சட்டப்படி திருமணத்தைப் பதிவது கட்டாயம். இருந்தாலும் திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டிவிட்டுக் கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்றும் என் மேசைக்கு வருகிறார்கள். ரசீது சார்பதிவாளரிடம் காட்டுவதற்குத்தான் உதவும், தூதரகத்தில் பதிவுச் சான்றிதழ்தான் செல்லும். சான்றிதழ்களின் மேல் எந்த முத்திரை வேண்டும் என்பதை மட்டும் உறவினர் சொல்லைக் கேட்டுச் செய்யாதீர்கள். துபாய்க்குப் போன மைத்துனருக்குக் கேட்டது வேறு, ஜெர்மனிக்குக் கேட்பது வேறு.

மூன்றாவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுகிறோம். அதனால் ஒரே வீட்டில் கணவனுக்கு அவன் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், பிள்ளைக்கு இவன் பெயர் என்று மூன்று குடும்பப் பெயர் வந்துவிடும். இதில் சட்டத் தடை ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் சொந்தமாக வீடு பிடித்துக் குடிபோன முதல் மூன்று வாரம் என் பெயருக்கோ மகன் பெயருக்கோ ஒரு கடிதமும் வரவில்லை. மகனின் காப்பீட்டு அட்டை அனுப்பியவரிடமே திரும்பிப் போயிருந்தது. அங்கே வீட்டு எண் மட்டும் போதாது, தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் என் மாமனார் பெயர் மட்டும்தான் இருந்தது. தபால்காரரைப் பொறுத்தவரை நானும் மகனும் அந்த முகவரியில் இல்லாத ஆட்கள். மூன்று பெயரையும் ஒட்டினோம். இந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறீர்கள் என்று மேல்வீட்டுப் பாட்டி கேட்டார். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வங்கி, வரி எண், நீல அட்டை எல்லாம் அந்தத் தாளைத் தொடர்ந்துதான் வரும். அன்று மாலையே பெட்டியில் நான்கு பேர் பெயரையும் ஒட்டிவிடுங்கள்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. சேர்ந்து போகாதீர்கள். அக்டோபரில் நீங்கள் மட்டும் போங்கள். குடும்பம் அடுத்த ஏப்ரல் கடைசியில், சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டு வரட்டும். இதற்கு எனக்கு நாலைந்து காரணம் உண்டு. வேலையில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலமாக இருக்கும். அதில் இரு தரப்பிலும் இரண்டே வாரம் அறிவிப்பு கொடுத்து விலக்கலாம், விலகலாம். அந்த ஆறு மாதம் மார்ச் இறுதியில் முடிகிறது. மனைவியின் கல்வியாண்டும் மகளின் யு.கே.ஜி.யும் ஏப்ரலில் முடிகின்றன. அவர் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டாம், பள்ளி நிர்வாகம் இசைந்தால் ராஜினாமாவுக்குப் பதில் ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கலாம். திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் அங்கே நிதானமாக இருப்பார். வீடு தேட உங்களுக்கு நேரம் கிடைக்கும். தனி ஆளாக யாரோடாவது அறையைப் பகிர்ந்துகொண்டு, வாரம் இரண்டு வீடு பார்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளையைக் குளிரில் தூக்கிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. குடும்பத்துக்கான விசாவை ஜனவரியில் விண்ணப்பித்தால் போதும். விசாவில் நாட்டுக்குள் நுழையக் காலக்கெடு இருக்கும் என்பதால் இப்போதே வாங்கி வைப்பதில் பயனில்லை. ஆனால் நான்கு பேரின் சான்றிதழ்களையும் இப்போதே தயார் செய்துவிடுங்கள், நீங்கள் போன பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் அவரை அலைய விடாதீர்கள். சென்னைக்குப் பாண்டியனில் இரண்டு பிள்ளைகளோடு ஒருமுறை போய்வருவதே அவருக்குப் போதுமான அலைச்சல்.

இன்னொரு காரணம் வெளிச்சம். நாங்கள் செய்த தவறு நவம்பரில் போனது. டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஏழரைக்கு வருவார். அவர் பகல் வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்தது சனி, ஞாயிறு மட்டும்தான். எங்களுக்குக் கொடுத்திருந்த தற்காலிக அறையில் ஒரே ஜன்னல். மகன் கண்ணாடியில் படியும் ஈரத்தில் விரலால் பெரியார் நிலையத்துப் பஸ்களை வரைந்துகொண்டிருப்பான். கீழே தண்ணீர் ஒழுகி சக்கரமெல்லாம் கரைந்துவிடும், மறுபடி வரைவான். அம்மாவோடு பேசலாம் என்றால் நாலரை மணி நேர வித்தியாசம். எனக்குச் சாயங்காலம் ஆறு மணி ஆகும்போது மதுரையில் பத்தரை, அவர் படுத்திருப்பார். அந்த ஆறு மணியிலிருந்து ஏழரை வரை இருந்த நேரத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அதே ஊர் மே மாதத்தில் இரவு ஒன்பது வரை வெளிச்சமாக இருக்கிறது, விளையாட்டுத் திடலில் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அறிமுகம் தானாக நடக்கிறது. வந்து சேர்ந்த முதல் வாரத்தை ஒரு குடும்பம் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இந்தத் திட்டத்திலும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். ஏழு மாதம் நீளம்தான். இரண்டு வயதுப் பையன் அப்பாவைத் திரையில் பார்க்கும் முகமாக நினைக்கத் தொடங்கிவிடுவான். கிறிஸ்துமஸ் வாரத்தில் பல தொழிற்சாலைகள் மூடியிருக்கும். மாதம் ஒன்றுக்கு ஆண்டு விடுப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு உங்களுக்குச் சேர்ந்துவரும், அதை வைத்து ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். டிக்கெட் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். வீடு கிடைக்கவில்லை என்று ஏப்ரல் ஜூனாகி, ஜூன் செப்டம்பராகிப் பிரிந்தே இரண்டு வருடம் ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதம் வரை நல்ல வீடு அமையாவிட்டால் சுமாரான வீட்டுக்கே கூட்டிப் போங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்திருக்கிறது. உறுதியானது: ஸ்டுட்கார்ட் இருக்கும் பேடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஜூன் 30-க்குள் ஆறு வயது நிறைகிற பிள்ளை அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர வேண்டும். உங்கள் மகள் அந்தக் கணக்கில் வருகிறாள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது, பள்ளிக்கு அனுப்புவது சட்டக் கடமை. ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கென்று ஆயத்த வகுப்புகள் உண்டு. முதல் நாளன்று பிள்ளை உயரத்துக்குக் கூம்பு வடிவில் ஒரு காகிதப் பை, உள்ளே மிட்டாயும் பென்சிலுமாக நிரப்பிக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பில் உங்கள் மகள் மட்டும் வெறுங்கையோடு நிற்பாள். மகனுக்கு மழலையர் காப்பகத்தில் இடம் பெற 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை உண்டு, ஒரு வயது நிறைந்தாலே போதும். ஆனால் உரிமை இருப்பதால் இடம் இருக்கிறது என்றாகாது. ஆசிரியர் பற்றாக்குறையால் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அக்டோபரில் முகவரியைப் பதிந்த அந்த வாரமே மகன் பெயரைக் காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள். காப்பகத்தில் சேரத் தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று வேண்டும், 2020 மார்ச் முதல் அது சட்டம். இரண்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும். நம் அரசுத் திட்டத்தில் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளே அதற்குப் போதும், தேதி தெளிவாக எழுதிய அட்டை கையில் இருந்தால். பேனா மை அழிந்த அட்டையென்றால் இப்போதே மருத்துவரிடம் கொடுத்துப் புதிதாக எழுதி முத்திரை வாங்குங்கள்.

உறுதியில்லாதது, பிள்ளை எப்போது பேசும் என்பது. "குழந்தைகள் மொழியை மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள்" என்று எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். எங்கள் மகன் காப்பகத்தில் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. தமிழும் பேசவில்லை, ஜெர்மனும் பேசவில்லை; வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்ப்பான். புது மொழிக்குள் போகும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு மௌனக் காலம் வருவது பலரும் பதிவுசெய்திருக்கிற விஷயம், நோயல்ல. ஆனால் அது எனக்கு அன்று தெரியாது. ஒரு நாள் மூக்குச் சிந்தத் தாள் கேட்டு முழு வாக்கியமாக ஜெர்மனில் பேசினானாம், ஆசிரியை அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார். உங்கள் மகள் இரண்டு வாரத்தில் பேசலாம், ஓராண்டும் ஆகலாம். அதற்கிடையில் வீட்டில் தமிழை விட்டுவிட்டுப் பாதி ஜெர்மனில் அவளோடு பேசாதீர்கள். பல ஜெர்மன் நகரங்களில் ஈழத்தமிழர்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து நிலைகொண்டவர்கள் அவர்கள். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் கட்டியது. முருங்கைக்காய்க்கும் புளிக்கும் நீங்கள் போகப்போவதும் அவர்கள் கடைக்குத்தான். உங்கள் பிள்ளைகளின் தமிழில் யாழ்ப்பாண வாடை கொஞ்சம் ஏறும். நல்லதுதான்.

இப்போது மனைவி. கட்டாயமில்லை என்பதற்காக ஜெர்மன் படிக்காமல் வர வேண்டாம். அந்த ஏழு மாதத்தில் முதல் இரண்டு படிகளை மதுரையிலிருந்தே முடித்துவிட்டால், மகன் காய்ச்சலோடு கிடக்கும் நாளில் மருத்துவமனைக்கு அவரே தொலைபேசியில் பேசுவார். உங்கள் கூட்டம் முடியும் வரை காத்திருக்க மாட்டார். மாலை வகுப்புக்கு அவர் போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் நீங்கள் விமானம் ஏறும் முன் முடிவுசெய்துவிட்டுப் போங்கள். அங்கே போனதும் அரசு ஏற்பாட்டில் 600 மணி நேர மொழிப் பாடமும் 100 மணி நேர அறிமுகப் பாடமும் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்புகள் உண்டு. அதில் சேருவதால் மொழி வருவது இருக்கட்டும், காலையில் கிளம்பிப் போக அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் திறந்து அவர் கையில் அவருக்கென்று ஓர் அட்டை கொடுங்கள். இங்கே தன் சம்பளத்தில் பூ வாங்கிய ஒருவர் அங்கே பால் வாங்க உங்களிடம் கேட்க நேரக் கூடாது. மாதப் பயணச்சீட்டும் அவர் பெயரில் வேண்டும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய, நாடு முழுவதும் செல்லும் அந்தச் சீட்டின் விலை இப்போது கூடியிருக்கிறது, இருந்தாலும் வாங்குங்கள்.

மற்றபடி நட்பு எங்கே முளைக்கும் என்று யாரும் திட்டமிட முடியாது. அந்தப் பகுதியில் 'கேர்வோக' என்று ஒரு வழக்கம் உண்டு: அடுக்கு வீடுகளில் மாடிப்படியும் வாசலும் கூட்டுவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. முறை வந்ததும் கதவுப் பிடியில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் போவார்கள். தெற்கு மாசி வீதியில் விடிகாலை வாசல் தெளித்து வளர்ந்த எனக்கு அந்த நாட்டில் முதன்முதலாகப் புரிந்த விஷயம் அதுதான். ஜனவரி மாதம், காலை ஆறு மணி, பெருக்கி முடித்துப் பழக்க தோஷத்தில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்கக் கண்ணாடியாக உறைந்துவிட்டது. மேல்வீட்டுப் பாட்டி உப்பு டப்பாவோடு ஓடிவந்து, திட்டிக்கொண்டே தூவினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடம் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வர முடியாத நாட்களில் அழைத்து வந்தவர் அவர்தான்.

அம்மாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், அது ஒரு வரியில் முடிகிற விஷயமல்ல. சுற்றுலா விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஏப்ரலில் மனைவியும் பிள்ளைகளும் வரும்போது அவரும் கூட வந்து ஜூலைக் கடைசி வாக்கில் வரை இருப்பது நல்ல தொடக்கமாக இருக்கும். விமானத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மடி கிடைக்கும். 2024 மார்ச்சுக்குப் பிறகு முதன்முறையாக அட்டை பெறும் பணியாளர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளவும் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால் வயதானவருக்கு அங்கே செல்லுபடியாகும் முழு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், பெரும்பாலானவர்கள் நின்றுபோவது அந்த இடத்தில்தான். எனவே அவர் மதுரையில் இருப்பார் என்று வைத்தே யோசியுங்கள். நீங்கள் இல்லாத ஏழு மாதமும் அவரோடு உங்கள் மனைவிதான் இருக்கப்போகிறார். அந்த நாட்களில் யார் மருந்து வாங்குவது, இரவில் யார் துணை என்பதைச் செய்து பார்த்துப் பழக்கிவிடுங்கள். இந்த ஏற்பாட்டை மனைவியின் பொறுப்பாக விட்டுவிடாமல் உங்கள் உடன்பிறந்தவர்களோடு நீங்களே பேசி முடியுங்கள்.

மிக்ஸி. தாராளமாக எடுத்துப் போகலாம், மின்னழுத்தம் இங்கேபோல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, நல்ல அடாப்டர் வேண்டும். அலுமினியக் குக்கரை எடுத்துப் போகாதீர்கள், வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அது சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கராக வாங்குங்கள். நெய், பால்கோவா, கருவாடு கலந்த பொடி என்று அம்மா கட்டிக் கொடுப்பவற்றில் பாலும் இறைச்சியும் சேர்ந்தவற்றை ஐரோப்பாவுக்குள் பையில் கொண்டு போகத் தடை உண்டு. மீனுக்கு அளவோடு அனுமதி. பச்சைக் கறிவேப்பிலையும் மல்லிப் பூவும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகக் கூடாது. வறுத்து அரைத்த மிளகாய்ப் பொடி போகும். குக்கர் கேஸ்கெட் மட்டும் நாலைந்து கூடுதலாக வையுங்கள், நம் அளவு அங்கே கிடைப்பதில்லை. எங்களுடையது முதல் வருடம் பொங்கலுக்கு முந்தின நாள் விட்டுப்போனது. மறுநாள் திறந்த பாத்திரத்தில் பொங்கல் வைத்தோம். பால் பொங்கி வழிந்ததும் தீ எச்சரிக்கை மணி அடித்து, உப்பு டப்பாப் பாட்டி மறுபடி இறங்கி வந்தார்.